நாலு சென்டிமீட்டர் தண்ணி

தீபாவளிக்கு முந்தின நாள் மச்சினன் அவனுடைய ஸ்விஃப்டில் வந்து இறங்கினான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது, பையன் ஏதோ செய்திருக்கிறான் என்று. சைலன்சர் சத்தம் இல்லை அது. முன்பக்கத்திலிருந்து வந்தது. தண்ணிக்குள் முங்கி எழுந்த ஆள் வாயைப் பிளந்து மூச்சை இழுப்பாரே, அந்த மாதிரி. இறங்கினதும் வீட்டுக்குள்கூட வராமல் பானட்டைத் திறந்து காட்டினான். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், அதன் நுனியில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர்.

"மாமா, உங்க சிட்டிக்கும் ஒண்ணு போட்டுரலாமுங்க. பத்து எச்.பி. ஏறும்னு கடைக்காரர் சொன்னாரு."

"எவ்வளவு ஆச்சு?"

அக்கா காதில் விழாத தூரம் பார்த்துச் சொன்னான். இருபத்திரண்டாயிரம்.

என்னுடையது 2011 ஹோண்டா சிட்டி, பெட்ரோல், 1,497 சிசி. புதிதில் 118 குதிரைத்திறன். ஆனால் அது முழுசாக வருவது நிமிடத்துக்கு 6,600 சுற்றில்தான். கீழே சாது, மேலே சாமி வந்த மாதிரி. இரண்டாம் கையாக வாங்கி ஏழு வருஷமாக ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக வண்டி சோர்ந்துபோன மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது மூன்றாம் கியரில் போகிற இடங்களில் இரண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும்தான் ஆகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் சிவப்புக் கூம்பைக் கொண்டுவந்து காட்டினால் ஆசை வராதா?

வந்தது. அன்று ராத்திரி பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் மொபைலில் கூம்பு ஃபில்டர்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் பதினாறு வருஷமாக டெஸ்ட் பெட்டில் வேலை. மோட்டாரைப் பூட்டி, குழாயை மாட்டி, எவ்வளவு உறிஞ்சுகிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து எழுதுவதுதான் நாள் முழுக்க. எனக்கு எதைப் பார்த்தாலும் பம்பாகத்தான் தெரியும். இன்ஜினும் ஒரு காற்று பம்புதான். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை உள்ளே இழுக்கும். 1.5 லிட்டர் இன்ஜின் 6,000 சுற்றில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,500 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. காற்று கூட வந்தால் பெட்ரோலும் கூட விடலாம், சக்தியும் கூடும். கடைக்காரர் சொல்வதில் அதுவரைக்கும் தப்பே இல்லை.

ஆனால் உடுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் எங்களிடம் அடிக்கடி சண்டைக்கு வருவார். "ஏனுங்க, சக்ஷன் பைப்பை ரெண்டரை இஞ்சிலிருந்து நாலு இஞ்சு ஆக்கிட்டேன், ஃபுட் வால்வும் பெருசாப் போட்டுட்டேன், தண்ணி மட்டும் ஏன் அதே அளவு வருது?" பம்பு பட்டினி கிடந்தால் குழாயைப் பெருசாக்கினால் பலன் உண்டு. பட்டினியே கிடக்காத பம்புக்கு ஆற்றையே கொண்டுவந்து வாயில் வைத்தாலும் அதே அளவுதான் குடிக்கும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். என் சிட்டி பட்டினி கிடக்கிறதா?

அதை அளந்துவிடலாமே.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒரு டியூப் வைத்திருப்பார்கள், கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப், உள்ளே தண்ணி. லெவல் டியூப். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை "யு" மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி வரைக்கும் தண்ணி ஊற்றி, ஒரு முனையை ஃபில்டரைத் தாண்டிய குழாயில் சேர்த்துவிட்டு, மறுமுனையைத் திறந்து வைத்தால் முடிந்தது. இன்ஜின் உறிஞ்ச உறிஞ்ச ஒரு பக்கத் தண்ணி ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டரோ, அதுதான் காற்று உள்ளே வர வண்டி கொடுக்கிற வரி. டெஸ்ட் பெட்டில் எங்கள் தாத்தா காலத்து முறை இது. பொய் சொல்லவே தெரியாத கருவி.

சிட்டியில் ஃபில்டர் பெட்டிக்கும் திராட்டிலுக்கும் (மிதியை அழுத்த அழுத்தத் திறக்கும் காற்று மூடி) நடுவில் உள்ள குழாயில், இன்ஜின் தலையிலிருந்து வரும் சின்ன ஹோஸ் ஒன்று சேரும். அந்த ஹோஸில் மீன் தொட்டிக் கடையில் வாங்கிய ஒரு டி-ஜாயின்டைப் போட்டு டியூப்பை இழுத்தேன். பானட்டின் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தாயிற்று. தண்ணியில் நாலு சொட்டு நீலம் விட்டேன், கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. பலகையை இடது சீட்டில் மச்சினன் முட்டிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். டியூப்பின் இரண்டு கால்களும் வண்டிக்குக் குறுக்காக, பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இருந்தால் வண்டி வேகமெடுக்கும்போது தண்ணி தானாகவே பின்னால் சாய்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். இது எனக்கு இரண்டாவது ஓட்டத்தில்தான் உறைத்தது, முதல் ஓட்டம் வீண். இன்னொன்றும் இருக்கிறது. நாலு சிலிண்டர் மாறி மாறி இழுப்பதால் தண்ணி நடுங்கிக்கொண்டே இருக்கும். துணி காயப்போடும் கிளிப்பை டியூப்பில் மாட்டி லேசாக நசுக்கினால் அடங்கிவிடுகிறது.

"மாமா, இந்தத் தண்ணி இன்ஜினுக்குள்ள போயிருச்சுன்னா?"

நல்ல கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர் உயரம். இருந்தும் முதல் தடவை மிதிக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, பைபாஸ் காலியாக இருந்தது. இரண்டாம் கியர், 2,000 சுற்றிலிருந்து மிதியை அடிவரைக்கும் அழுத்தி 6,500 வரைக்கும். மச்சினன் பலகையை மொபைலில் வீடியோ எடுத்தான். இதே மாதிரி மூன்று தடவை. பிறகு ஓரம் கட்டி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உச்சத்தில் 46 சென்டிமீட்டர்.

நாற்பத்தாறு! நான் இருபத்தைந்து, முப்பது எதிர்பார்த்தேன். வண்டி நிஜமாகவே பட்டினிதான் கிடக்கிறது என்று மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல மாமா."

வீட்டுக்கு வந்து ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். சர்வீஸ் சென்டரில் போன தடவை "ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்று பில்லில் ஒரு வரி இருந்தது, அதற்குக் காசும் வாங்கியிருந்தார்கள். பெட்டிக்குள் வேப்பங்கொட்டைத் தோல், புளியங்கொட்டை ஏழெட்டு, பாதி தின்ற நிலக்கடலை, தேங்காய் நார். எலி குடித்தனமே நடத்தியிருக்கிறது. நாரை மெத்தை மாதிரி வட்டமாகச் சுருட்டி, காற்று வருகிற வாய்க்கு எதிரிலேயே பாதியை அடைத்து வைத்திருந்தது. காகித ஃபில்டரின் மடிப்புகளுக்குள் செம்மண்ணும் நார்த் தூளும். பொள்ளாச்சி ரோட்டில் கயிறு ஆலைகளைத் தாண்டி வாரம் இரண்டு தடவை போகிறவன் நான். ஃபில்டரின் ஒரு மூலையை எலி கடித்தும் வைத்திருந்தது. நல்ல வேளையாக ரப்பர் விளிம்போடு நிறுத்திக்கொண்டது.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "புளியங்கொட்டை எல்லாம் நம்ம வீட்டுதா?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியைக் கழுவிக் காய வைத்து, புதுக் காகித ஃபில்டர் ஒன்று வாங்கிப் போட்டேன். நானூற்றுச் சொச்சம் ரூபாய். மறு ஞாயிறு அதே ரோடு, அதே கியர். 21 சென்டிமீட்டர்.

அடுத்து, கூட வேலை செய்யும் ஒரு நண்பரிடமும் இதே மாடல் சிட்டி இருக்கிறது. அதில் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருந்தார். பெட்டியை மாற்றத் தேவையில்லை, காகிதம் உட்காரும் இடத்திலேயே உட்காரும், கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம். அதைக் கெஞ்சி ஒரு நாள் கடன் வாங்கினேன். 17 சென்டிமீட்டர்.

ஆக, நல்ல காகிதத்துக்கும் நல்ல பருத்திக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர் தண்ணி. இதைக் குதிரையாக மாற்ற வேண்டுமே. கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தத்தைத் தண்ணி உயரமாகச் சொன்னால் சுமார் 9.8 மீட்டர். அந்த 980 சென்டிமீட்டரில் நாலு. 0.4 சதவீதம். 118 குதிரையில் அரைக் குதிரை. கடிவாளம்கூடக் கட்ட முடியாது.

கூம்பு போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஃபில்டர், பெட்டி, அதற்கு முன்னால் உள்ள குழாய் எல்லாவற்றையும் மாயமாக மறையவைத்து இன்ஜினை ஆகாயத்தைப் பார்த்து நிறுத்தினால்கூட எனக்கு மிச்சமாவது அந்த 21 சென்டிமீட்டர்தான். இரண்டு சதவீதம் சொச்சம், இரண்டரைக் குதிரை. குழாயின் நீளத்தை வைத்து அலைகளைச் சாதகமாக்கி இன்னும் கொஞ்சம் தேற்றலாம், அது வேறு கலை, எனக்குத் தெரியும். ஆனால் பொதுவாக எல்லா வண்டிக்கும் வெட்டி விற்கிற குழாயில் அந்தக் கலையை நான் எதிர்பார்க்கவில்லை. பத்துக் குதிரை எங்கிருந்து வரும்? எலியை வெளியேற்றியதில் வந்தது 25 சென்டிமீட்டர். கூம்பின் உச்சபட்ச வாக்குறுதியை விட அதிகம்.

"ஓடுகிற வேகத்தில் காற்று தானாக உள்ளே தள்ளப்படும்" என்றும் ஒரு விளம்பரம் பார்த்தேன். மணிக்கு நூறு கிலோமீட்டரில் எதிர்க்காற்றை முழுசாகப் பிடித்தாலும் கிடைப்பது நாலரை சென்டிமீட்டர் தண்ணிதான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் என்னவோ புயல் மாதிரிதான் இருக்கிறது. கை ஏமாறும், டியூப் ஏமாறாது.

சரி, அழுக்கு ஃபில்டர் மைலேஜைத் தின்னுமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்துச் சோதித்துப் பார்த்தது. இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் வண்டிகளில் மைலேஜ் குறையவில்லை. முழு மிதியில் வேகமெடுப்பதுதான் மந்தமானது. பழைய கார்புரேட்டர் வண்டியில்தான் மைலேஜும் அடி வாங்கியது. காரணம் எளிது. ஊருக்குள் கால்வாசி மிதியில் போகும்போது திராட்டில் பாதிக்கு மேல் மூடித்தானே இருக்கிறது? நாமே காலால் மூடி வைத்த குழாய்க்கு முன்னால் ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் என்ன, அடைக்காவிட்டால் என்ன. அதே காரணத்தால், கூம்பு போட்டால் மைலேஜ் ஏறும் என்பதும் நடக்காத காரியம்.

அடுத்தது சூடு. மச்சினன் வண்டியில் இது நன்றாகத் தெரிந்தது. கம்பெனி பெட்டி காற்றை கிரில்லுக்குப் பின்னாலிருந்து, ரேடியேட்டருக்கு மேலே, வெளிக்காற்றாக எடுக்கும். அதற்காகத்தான் அந்த அசிங்கமான மூக்குக் குழாய். இவன் கூம்போ இன்ஜினுக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நிற்கிறது. நடுவில் மறைப்புத் தகடுகூடக் கிடையாது. வண்டியின் சென்சார்கள் சொல்வதைப் படிக்கும் ஓபிடி டாங்கிளை மாட்டிக்கொண்டு காந்திபுரம் சிக்னலில் பார்த்தோம். வெளியே 34 டிகிரி. உள்ளே போகிற காற்று 62. ரோடு காலியாகி எழுபது எண்பதில் போனால் 43-க்கு இறங்கிவிடுகிறது, மறுபடி அடுத்த சிக்னலில் ஏறுகிறது. என் சிட்டியில் அதே சிக்னலில் 48.

முழு நியாயமாகச் சொன்னால், நிற்கும்போது சென்சாரும் சேர்ந்து சூடாவதால் 62 என்பது கொஞ்சம் மிகை. வண்டி வேறு, இன்ஜின் வேறு. ஆனாலும் காற்று 40 டிகிரியிலிருந்து 62-க்குப் போனால் அடர்த்தி ஆறரை சதவீதம் குறையும். 0.4 சம்பாதிக்கப் போய் ஆறு சதவீதத்தைச் சிக்னலில் தொலைப்பது என்ன கணக்கோ. வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றும்போது பானட்டைத் திறந்து வைத்து முன்னால் பெரிய ஃபேனை ஓடவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். காந்திபுரத்தில் யாரும் நமக்கு ஃபேன் போடுவதில்லை.

என் மெக்கானிக் அண்ணனிடம் கூம்பைப் பற்றிக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு டப்பாவிலிருந்து பழைய சென்சார் ஒன்றை எடுத்து வந்தார். குழாய்க்குள் நுழைந்து காற்றை அளக்கிற சென்சார். டார்ச் அடித்துக் காட்டினார். சின்னச் சந்துக்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பி, அதன் மேல் பழுப்பாக ஒரு படலம்.

"ஃபில்டரைக் கழுவறாங்க. காஞ்சதும் எண்ணெய் விடோணுமில்லீங்க? தலைக்குத் தேய்க்கற மாதிரி விட்டுடறாங்க. அது காத்தோட பறந்து வந்து இதுல ஒட்டிக்குது. அப்புறம் வண்டி ஐடிலிங் நிக்கறதில்ல, செக் இன்ஜின் லைட்டு எரியுதுன்னு எங்கிட்ட வருவாங்க. ஃபில்டர் மேல தப்பில்லீங்க. கை மேலதான் தப்பு."

அந்தக் கம்பியை மின்சாரம் சூடாக்கி வைத்திருக்கும். போகிற காற்று அதைக் குளிர்விக்கும். எவ்வளவு மின்சாரம் கொடுத்துச் சூட்டைத் தக்கவைக்க வேண்டியிருக்கிறதோ, அதை வைத்துத்தான் காற்றின் எடையைக் கணக்கிடுகிறார்கள். எண்ணெய் படிந்தால் காற்று குறைவு என்று தப்பாகச் சொல்லும், பெட்ரோலும் குறைவாக விழும். எண்ணெயே இல்லாவிட்டாலும் இன்னொரு வினை உண்டு. அந்தச் சென்சார் குறிப்பிட்ட குறுக்களவு உள்ள குழாய்க்கென்று கணக்குப் போட்டு வைக்கப்பட்டது. கொஞ்சம் அகலமான குழாயில் கொண்டுபோய்ச் சொருகினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும். வழக்கமான ஓட்டத்தில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைத் திருத்திவிடும். முழு மிதியில்தான் திருத்த ஆள் இருக்காது, நாம் சக்தி கேட்பதும் அப்போதுதான்.

தூசியைப் பற்றிக் கடையில் யாரும் பேசவில்லை. காற்று சுலபமாகப் போகிற ஓட்டை வழியாக மண்ணும் சுலபமாகத்தான் போகும். பருத்தி ஃபில்டர்களிலும் நன்றாக வடிகட்டுபவை உண்டு. ஐஎஸ்ஓ 5011 என்ற சோதனையின் முடிவைப் பெட்டியில் போடுகிற கம்பெனி என்றால் எனக்கு ஒரு மரியாதை வரும். மச்சினனுடைய கூம்பின் பெட்டியில் ஒரு டிராகன் படம்தான் இருந்தது. மண்ணில் இருக்கிற சிலிக்கா என்ன செய்யும் என்று பம்புக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. மணல் கலந்த போர்வெல்லில் ஓடின இம்பெல்லரை நான் வாரா வாரம் பார்க்கிறேன், சோப்பு மாதிரி கரைந்திருக்கும்.

கூம்பைச் சூட்டிலிருந்து காப்பாற்ற பம்பருக்குள் கீழே இறக்கிவிடும் வகையும் இருக்கிறது. குளிர்ந்த காற்று கிடைக்கும், நிஜம். ஆனால் நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் லங்கா கார்னர் ரயில் பாலத்து அடிப்பாதை இருக்கிறது. ஒரு நல்ல மழை போதும், அது குளமாகிவிடும். என் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 40 மில்லி. அரை டம்ளர் டீ. அதற்கு மேல் தண்ணி உள்ளே போனால் நசுங்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை பேர் தண்ணிக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து இன்ஜினைத் தொலைத்தார்கள். இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு இன்சூரன்ஸில் கை விரித்ததும் அப்போதுதான் நிறையப் பேருக்குத் தெரிந்தது. மூக்கைக் கொண்டுபோய் முட்டி உயரத்தில் வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் ஏர் ஃபில்டருக்கென்று கட்டம் ஏதும் கிடையாதுதான். ஆனால் சத்தத்துக்குக் காது இருக்கிற எந்த அதிகாரியோடும் ரோட்டோரம் நின்று சட்டம் பேச எனக்கு வாய் போதாது.

இவ்வளவும் என் வண்டிக்கான கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்ரஸர் வைத்துக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ வண்டியை ரீமேப் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி, கூடுதல் காற்றைத் தள்ளச் சொல்லியிருந்தால் கதையே வேறு. அங்கே கம்ப்ரஸருக்கு முன்னால் விழுகிற ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் பெருகும். அந்த பம்பு நிஜமாகவே பட்டினி கிடக்கலாம். அவர்கள் போடட்டும்.

என் மாதிரிச் சும்மா உறிஞ்சுகிற வண்டிக்காரனுக்கு நிஜமான எதிரி மலைதான். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். எங்கள் பம்புகளுக்கே நீலகிரிக்கு அனுப்பும்போது "உறிஞ்சும் உயரத்தைக் குறைத்துக்கொள்ளவும்" என்று சொல்லித்தான் அனுப்புவோம். கோத்தகிரி ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கியதில் பாதிக் குற்றம் எலியுடையது, மீதி மலையுடையது. வண்டியை நான் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

இவ்வளவு அளந்த பிறகும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஆசை வந்தது குதிரைக்காக இல்லை. அந்தச் சத்தத்துக்காகத்தான். கம்பெனிக்காரர்கள் ஃபில்டர் பெட்டியோடு ஒட்டி ஒரு வெற்று அறை வைத்திருப்பார்கள். குடத்தின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்கும் இல்லையா, அதே தத்துவத்தில் இன்ஜின் மூச்சிழுக்கும் முழக்கத்தை அந்த அறை விழுங்கிவிடும். கூம்பு போடும்போது அதைக் கழற்றி எறிகிறார்கள். உடனே வண்டிக்குத் தொண்டை திறந்துவிடுகிறது. 4,500 சுற்றுக்கு மேல் சிட்டியின் இன்ஜின் எழுப்பக்கூடிய சத்தத்தைக் கற்பனை செய்துகொண்டு நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. நாற்பத்திரண்டு வயசில். இதை டியூப்பால் அளக்க முடியாது. ஒருவன் சத்தத்துக்காகவே இருபத்திரண்டாயிரம் கொடுத்தால் நான் சிரிக்க மாட்டேன். நாதஸ்வரத்துக்குக் காசு கொடுப்பதில்லையா? பத்து எச்.பி. என்று பொய் சொல்லி விற்பதுதான் எரிச்சல்.

கடைசியில் டயர் மாற்றினேன். 175/65 ஆர்15, நாலும். இருந்த டயர்களுக்கு ஆறு வருஷம், பக்கச்சுவரில் நூல் நூலாக வெடிப்பு. மலையில் வளைவுக்கு வளைவு வண்டி கத்தியது இன்ஜினால் இல்லை, இவற்றால்தான். இருபத்திரண்டாயிரத்துக்கு மேலேயே ஆனது, எவ்வளவு மேலே என்று வீட்டில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஃபில்டர் பெட்டியின் மூக்கு வாயில் எலி நுழையாத அளவுக்குச் சின்னக் கண் உள்ள கம்பி வலை ஒன்றை வெட்டி வைத்தேன். வைத்த பிறகு டியூப்பை மாட்டி மறுபடி அளந்தேன். 21-தான். அரை சென்டிமீட்டர் கூடியிருக்கலாம், நான் கண்டுகொள்ளவில்லை.

பொங்கல் லீவில் இரண்டு குடும்பமும் சேர்ந்து கோத்தகிரி போனோம். மச்சினன் முன்னால், நான் பின்னால். ஏற்றம் ஆரம்பித்ததும் அவன் வண்டி கர்ஜிக்கத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு கியரை இறக்கும்போது அந்தக் கூம்பு மலைச்சுவரில் மோதித் திரும்பி வருகிற மாதிரி மூச்சை இழுத்தது. புது டயர் நன்றாகப் பிடித்தது, அவனை முந்திப் போக இரண்டு இடங்களில் வழியும் கிடைத்தது.

"ஏங்க, முந்த வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அவசரம் ஒண்ணுமில்லையே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினேன்.